மடை அடைக்க மறந்தால்

(மயிலாடுதுறையில் கணினி அறிவியல் மாணவர்களிடையே, ஓர் ஐப்பசி மாதப் பிற்பகலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் கும்பகோணம் சாலை வழியாக வந்தேன். ஆடுதுறை தாண்டியதிலிருந்தே சாலையின் ஓரமெல்லாம் நெல். குறுவை அறுத்த நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் மூடினால் இழுத்துப் போர்த்தத் தார்ப்பாய் பக்கத்திலேயே சுருட்டிக் கிடந்தது. ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் எதிரில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் நின்று பார்த்தேன். இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அந்தக் களத்தில் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

உங்களில் பாதிப் பேராவது அப்பாவோடு அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். முறை வந்ததும் உங்கள் குவியலிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழைக் காலத்தில் சில ஆண்டுகள் அதைத் தளர்த்துவார்கள். பிறகு தூற்றி, மூட்டைக்கு 40 கிலோ எடை போட்டு, சாக்கைத் தைத்து அடுக்குவார்கள். பட்டியல் எழுத்தர் கணக்கை ஏற்றுவார். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

இதில் எது பொது, எது உங்களுடையது என்று பாருங்கள். தராசு, ஈரமானி, தூற்றும் இயந்திரம், சுமை தூக்கும் தொழிலாளர்கள் எல்லாருக்கும் பொது. ஒருவர் வேலை முடிந்ததும் அதே தராசு அடுத்தவருக்கு. ஆனால் மேசை மேல் இருக்கும் சிட்டா உங்களுடையது. ஈரமானி காட்டிய எண் உங்கள் நெல்லுக்கு உரியது. மூட்டை எண்ணிக்கை உங்களுடையது. உங்கள் பட்டியல் முடிந்ததும் இவையெல்லாம் மேசையை விட்டுப் போயாக வேண்டும். போகாமல் ஒரு தாள் தங்கிவிட்டால்? உங்களுக்குப் பின்னால் நிற்பவரின் நெல் 16 சதவீத ஈரத்தில் இருக்கும்; மேசையில் கிடக்கும் பழைய தாளில் 19 என்று இருக்கும். அவர் நெல்லைத் திருப்பி அள்ளிக்கொண்டு போய் இன்னும் இரண்டு நாள் காய வைக்க வேண்டி வரும். அந்த இரண்டு நாளில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் நான் சொல்லத் தேவையில்லை.

வலைச் செயலியும் இப்படி ஒரு கொள்முதல் நிலையம்தான். உங்கள் கைபேசியிலிருந்து சர்வருக்குப் போகும் ஒவ்வொரு ரிக்வெஸ்டும், நான் அதைக் கோரிக்கை என்றே சொல்கிறேன், டோக்கனோடு வரும் ஒரு விவசாயி. அந்தக் கோரிக்கை உயிரோடு இருப்பது சில மில்லி விநாடிகள். அதற்குள் யார் கேட்கிறார், எந்த மொழியில் கேட்கிறார், அவருக்கு என்ன அனுமதி உண்டு, தரவுத்தளத்தோடு எந்த இணைப்பில் பேசுகிறோம் என்று ஏராளமான விவரங்கள் நினைவகத்தில் உருவாகும். அவை எங்கே இருக்க வேண்டும், எப்போது சாக வேண்டும்? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். பாடப்புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் கொடுத்திருப்பார்கள். இருபது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்த பிறகு சொல்கிறேன், என் தூக்கத்தைக் கெடுத்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த அரைப் பக்கத்துக்குள் அடங்கும்.

வலையின் தொடக்க காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. 1993இல் வந்த சிஜிஐ முறையில் கோரிக்கை ஒன்று வந்தால் சர்வர் புதிதாக ஒரு ப்ராசஸைத் தொடங்கும். பதில் சொல்லி முடித்ததும் அந்த ப்ராசஸ் மடியும். அதனோடு அதன் நினைவகம் முழுதும் போய்விடும். ஒவ்வொரு விவசாயிக்கும் புதிதாக ஒரு கொட்டகை போட்டு, வேலை முடிந்ததும் கொட்டகையையே கொளுத்திவிடுவது மாதிரி. ஒருவர் தாள் இன்னொருவரிடம் போக வழியே இல்லை. ஆனால் கொட்டகை போட நேரமாகும். ஆயிரம் பேர் வந்தால் தாங்காது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி பின்னாளில் ஒரு நடுவழியைப் பிடித்தது: ப்ராசஸ் அப்படியே இருக்கும், ஆனால் நிரலின் மாறிகள் எல்லாம் கோரிக்கைக்குக் கோரிக்கை புதிதாகப் பிறந்து அதன் முடிவில் மடியும். பிஎச்பியைக் குறை சொல்பவர்கள் நிறைய உண்டு. இந்த ஒரு குணத்துக்காகவே நான் அதை மதிக்கிறேன். அரைகுறையாகக் கற்றவர் எழுதிய நிரலில்கூட ஒருவர் விவரம் இன்னொருவருக்குப் போகாமல் அந்த மொழியே பெருமளவு காத்தது.

1990களின் பிற்பகுதியில் ஜாவா சர்வ்லெட் வந்தது. வேகத்துக்காக அது வேறு வழியில் போனது. சர்வ்லெட் என்பது ஒரே ஒரு ஆப்ஜெக்ட். சர்வர் தொடங்கும்போதோ முதல் கோரிக்கை வரும்போதோ பிறந்து, சர்வரை நிறுத்தும்வரை இருக்கும். நூறு கோரிக்கைகள் நூறு த்ரெட்களில் ஒரே நேரத்தில் அந்த ஒரே ஆப்ஜெக்டின் உள்ளே ஓடும். இங்கேதான் நான் மாட்டினேன்.

அப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. காப்பீட்டைப் புதுப்பிக்கும் பக்கம் ஒன்றை எழுதியிருந்தேன். வாடிக்கையாளரின் விவரத்தைச் செயல்முறைக்கு உள்ளே வைக்காமல் வகுப்பின் மட்டத்தில் ஒரு மாறியாக அறிவித்துவிட்டேன். இரண்டு வரி மேலே போய்விட்டது, அவ்வளவுதான். சோதித்தபோது சரியாக இருந்தது. மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் மதியம் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். தன் கணினித் திரையில் வேறு யாரோ ஒருவருடைய பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி தெரிகிறது என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: “அப்படின்னா என்னோடது யாருக்குத் தெரியுதுங்க?”

என் கணினியில் எத்தனை முறை முயன்றும் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. ஏன் என்று புரிய நான்கு நாள் ஆனது. நான் ஒரே ஆள். ஒருவர் மட்டும் வரும் களத்தில் தாள் மாறாது. இரண்டு பேர் ஒரே நொடியில் வந்து, முதலாமவரின் பெயரை எழுதிவைத்து அதைத் திரும்ப வாசிப்பதற்குள் இரண்டாமவர் அதன்மேல் எழுதினால்தான் மாறும். அந்த மாறியைச் செயல்முறைக்குள் இறக்கிவைத்ததோடு பிழை தீர்ந்தது. அந்தப் பெண்மணியின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவருடைய விவரம் யார் திரையில் தெரிந்தது என்று கண்டுபிடிக்க எந்தத் தடயமும் நாங்கள் வைத்திருக்கவில்லை.

சரி, வகுப்பு மட்டத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு செயல்முறைக்கும் பயனர் விவரத்தைக் கை மாற்றிக்கொண்டே போக வேண்டுமா, பத்து அடுக்குக்குக் கீழே இருப்பவருக்கும் கொடுக்க வேண்டுமா என்று சலிப்படைந்தவர்களுக்கு 1998இல் ஜாவா 1.2 ஒரு வசதி தந்தது: த்ரெட்லோக்கல். ஒரு த்ரெட்டுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் போட்டால் அந்த த்ரெட்டில் ஓடும் நிரல் எங்கிருந்தும் எடுக்கலாம், மற்ற த்ரெட்டுக்குத் தெரியாது. ஒரு கோரிக்கை ஒரு த்ரெட்டில் ஓடுவதால் த்ரெட்டின் பெட்டியே கோரிக்கையின் பெட்டி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. கோரிக்கை முடிந்தாலும் த்ரெட் சாகாது. டாம்கேட் சர்வரை நிறுவினால், நீங்கள் எதையும் மாற்றாதவரை, அதிகபட்சம் 200 த்ரெட்கள் வைத்துக்கொண்டு அவற்றையே சுழற்சியில் விடும். காலை 9 மணிக்கு ஒருவர் கோரிக்கையை முடித்த த்ரெட், 9 மணி 1 நிமிடத்துக்கு வேறொருவரின் கோரிக்கையை எடுக்கும். முதலாமவர் பெயரை நீங்கள் பெட்டியிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் அது அங்கேயே இருக்கும்.

முறை வைத்துத் தண்ணீர் விடுவது உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் பொது. உங்கள் முறை வந்ததும் உங்கள் மடையைத் திறக்கிறீர்கள். முறை முடிந்ததும் அடைக்க வேண்டும். அடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த வயல்காரர் முறையிலும் தண்ணீர் உங்கள் வயலுக்குள் போய்க்கொண்டிருக்கும். த்ரெட்லோக்கலில் எழுதுவது மடையைத் திறப்பது. நடுவில் பிழை ஏற்பட்டு வேலை பாதியில் நின்றாலும்கூட அடைத்தே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் ஜாவாவில் ‘ஃபைனலி’ என்ற பகுதி இருக்கிறது. திறக்கும் வரியை எழுதும்போதே அடைக்கும் வரியையும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்றால் எழுத மாட்டீர்கள், நான் எழுதியதில்லை.

இந்த இடத்தில் ஆயுள் என்ற சொல்லை ஒழுங்காகப் பிடித்துக்கொள்வோம். கல்லணை எல்லாருக்கும் பொது, எந்தப் பருவத்துக்கும் பொது, நாம் பிறக்கும் முன்பே இருந்தது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் ஒரு பருவத்துக்கானது. உங்கள் மடையில் பாயும் தண்ணீர் உங்கள் முறைக்கு உரியது. வலைச் செயலியிலும் ஆப்ஜெக்ட்களுக்கு இப்படித்தான் ஆயுள். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட்நெட் கோர் இவற்றுக்குப் பெயரே வைத்திருக்கிறது: செயலி நிற்கும்வரை இருப்பது சிங்கிள்டன், ஒரு கோரிக்கை முடியும்வரை இருப்பது ஸ்கோப்டு, கேட்கும்போதெல்லாம் புதிதாகப் பிறப்பது ட்ரான்சியன்ட். அமைப்புக் கோப்பின் விவரங்கள் சிங்கிள்டனாக இருக்கலாம். தரவுத்தளத்தோடு நடக்கும் பரிவர்த்தனை ஸ்கோப்டாகவே இருக்க வேண்டும்.

விதி ஒன்றுதான்: நீண்ட ஆயுள் உடையது குறுகிய ஆயுள் உடையதைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்தால் என்ன ஆகும்? சிங்கிள்டன் ஒன்று, முதன்முதலில் உருவாகும்போது, முதல் பயனரின் ஸ்கோப்டு ஆப்ஜெக்டை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்தப் பயனர் போன பிறகும், சர்வரை நிறுத்தும்வரை, எல்லாருக்கும் அவருடைய விவரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மார்க் சீமன் என்ற நூலாசிரியர் இதற்குச் ‘சிறைப்பட்ட சார்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஏஎஸ்பி டாட்நெட் கோர், நீங்கள் உருவாக்கச் சூழலில் ஓட்டும்போது, இந்தத் தவறைத் தானே கண்டுபிடித்துச் செயலியைத் தொடங்கவிடாமல் நிறுத்தும். அந்தச் செய்தி வந்தால் அதை அணைத்துவைக்க வழி தேடாதீர்கள்.

அப்பாச்சி சர்வரை எழுதியவர்கள் இதை நினைவகத்தின் மட்டத்திலேயே செய்துவைத்தார்கள். கோரிக்கைக்கு ஒரு குளம், இணைப்புக்கு ஒரு குளம், சர்வர் முழுமைக்கும் ஒரு குளம். எந்த விவரத்துக்கும் எந்தக் குளத்திலிருந்து இடம் எடுக்கிறோம் என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். கோரிக்கை முடிந்ததும் அதன் குளத்தை மொத்தமாகக் காலி செய்துவிடுவார்கள். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி விடுவிக்கும் வேலை இல்லை. களத்தைக் கூட்டிவிட்டு அடுத்த போரைக் கொண்டுவரச் சொல்வது போல. எனக்கு இந்த வடிவம் மிகவும் பிடிக்கும். ஆயுளைப் பற்றிய முடிவை நிரலர் கடைசியில் நினைவுவைத்துச் செய்ய வேண்டியதில்லை. இடம் கேட்கும் அந்த நொடியிலேயே எடுத்தாக வேண்டும்.

இதெல்லாம் புதிதாக எழுதுபவர்கள் செய்யும் தவறு, பெரியவர்களுக்கு நடக்காது என்று நினைத்துவிடக் கூடாது. கிட்ஹப்பில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் நிரல்களை வைத்திருக்கும் அதே கிட்ஹப்தான்.

2021 மார்ச் 2 அன்று அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு ஒரு பயனர் தகவல் தந்தார். தன் பெயரில் உள்ளே இருந்தவர் திடீரென்று வேறு ஒருவருடைய கணக்கில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். உடனே வெளியேறிவிட்டுச் செய்தியைச் சொல்லியிருக்கிறார். சில மணி நேரத்தில் இன்னொருவரிடமிருந்து அதே புகார். ஒரு புகார் என்றால் அவர் கணினியில் ஏதோ என்று தள்ளிவிடலாம். இரண்டு வந்த பிறகு முடியாது. பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது ஒரு துப்புக் கிடைத்தது: கலந்துபோன இருவரின் கோரிக்கைகளும் ஒரே இயந்திரத்தில், ஒரே ப்ராசஸில் நடந்திருந்தன. பக்கத்தின் உள்ளடக்கம் சரியாகவே போயிருந்தது. அதோடு போன குக்கீ மட்டும் அடுத்தவருடையது. ஆகவே அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சொடுக்கில்தான் வேறு வீட்டுக்குள் நின்றார்.

காரணம் என்ன? கிட்ஹப் ரூபி மொழியில், யூனிகார்ன் என்ற சர்வரில் ஓடியது. யூனிகார்னில் ஒரு ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் எடுக்கும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய ஆப்ஜெக்ட் உருவாக்குவானேன் என்று, கோரிக்கையின் விவரங்களை வைக்க ஒரே ஓர் ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டு, ஒருவர் போனதும் அதைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டு மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதுவார், வாசிப்பார் என்பதால் சிலேட்டு போதுமாக இருந்தது. அந்த நம்பிக்கையில் ஆண்டுக்கணக்கில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு, வேகத்தைக் கூட்டுவதற்காக, கோரிக்கைக்குள் நடந்துகொண்டிருந்த ஒரு சோதனையைப் பின்னணி த்ரெட் ஒன்றுக்கு மாற்றினார்கள். அதுவும் நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பின்னணி த்ரெட்டில் ஏதாவது பிழை நேர்ந்தால் அதை எழுதிவைக்கும் நிரல், முதன்மை த்ரெட்டின் சூழலைத் தன்னோடு எடுத்துப்போயிருந்தது. அதில் சிலேட்டுக்கான சுட்டியும் இருந்தது. யாருடைய கோரிக்கையில் இந்தப் பிழை வந்தது என்று குறிக்க, அது நிதானமாகச் சிலேட்டைப் பார்த்தது. அதற்குள் சிலேட்டில் அடுத்தவர் விவரம் ஏறியிருந்தது. அவருடைய செஷனைத் திறந்து சிலேட்டில் வைத்தது. இந்த வரிசை எல்லாம் ஒரு நொடியின் சிறு துண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்தால், சிலேட்டு அதற்கடுத்தவர் கைக்குப் போகும்போது தவறான செஷன் அவர் பதிலில் ஏறிவிடும்.

பாதிக்கப்பட்டவை அங்கீகரிக்கப்பட்ட செஷன்களில் 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று கிட்ஹப் கணக்குச் சொன்னது. 2021 பிப்ரவரி 8 முதல் மார்ச் 5 வரை, விட்டு விட்டு, எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்துக்கும் குறைவான காலம் அந்த ஓட்டை திறந்திருந்தது. மார்ச் 5 அன்று பின்னணி த்ரெட்டை எடுத்தார்கள். மார்ச் 8 அன்று உலகம் முழுவதும் உள்ளே இருந்த எல்லாரையும் வெளியேற்றி மறுபடி நுழையச் சொன்னார்கள். யூனிகார்னிலும் மாற்றம் வந்தது: இனி ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய சிலேட்டு. நடந்ததை அவர்கள் மறைக்காமல் படிப்படியாக எழுதி வெளியிட்டதால்தான் நான் இங்கே நின்று சொல்ல முடிகிறது.

இதில் யார் தவறு செய்தார்? சிலேட்டை மறுபடி பயன்படுத்தியவர் தன் சூழலில் சரியாகத்தான் செய்தார். வேலையைப் பின்னணிக்கு மாற்றியவரும் சரியாகத்தான் செய்தார். சிலேட்டு எவ்வளவு நேரம் ஒருவருக்குச் சொந்தம் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. இரண்டு சரியான முடிவுகளுக்கு நடுவில், எழுதப்படாத அந்த ஆயுளில்தான் பிழை குடியிருந்தது.

இரண்டாண்டு கழித்து, 2023 மார்ச் 20 அன்று, சாட்ஜிபிடியில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. இது வேறு வகை. இங்கே கோரிக்கை முடிவதற்கு முன்பே செத்தது. சர்வர், ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கோடு பேசச் சில இணைப்புகளைப் பொதுவில் வைத்திருந்தது. இணைப்பின் ஒரு பக்கம் கேள்வி போகும், மறுபக்கம் பதில் வரும். டோக்கன் இல்லாத சாப்பாட்டுக் கடை ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பொங்கல் கேட்டுவிட்டு, தட்டு வருவதற்குள் போய்விட்டார். அடுத்து நின்றவர் தோசை கேட்டார். முதலில் வந்த தட்டு பொங்கல். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார். கோரிக்கை பாதியில் ரத்தானபோது இணைப்பில் மிச்சமிருந்த பதிலை, அந்த இணைப்புகளைக் கையாண்ட நிரல் நூலகம் வெளியே எறியாமல் விட்டது. அன்று சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால் இப்படி ரத்தாகும் கோரிக்கைகள் கூடவே, பிழை வெளிப்பட்டது. ஒன்பது மணி நேர இடைவெளியில் இயங்கிய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேருடைய பெயர், மின்னஞ்சல், கட்டண முகவரி, அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது.

கோரிக்கையின் மரணம் மூன்று விதம். முடிந்து சாவது, பிழையால் சாவது, கேட்டவர் எழுந்து போனதால் சாவது. முதல் இரண்டுக்கு நாம் நிரல் எழுதுகிறோம். மூன்றாவதை மறந்துவிடுகிறோம். இங்கே ரயில் நிலையத்தில் நின்று கைபேசியில் பக்கம் திறக்கிறவர், வண்டி வந்ததும் மூடிவிடுகிறார். அது தினசரி நடப்பது. அவர் பாதியில் விட்ட இணைப்பைப் பொதுத் தொட்டியில் திரும்பப் போடும் முன் அது சுத்தமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறவுங்கள். ஒருவர் விவரம் கசிவதோடு ஒப்பிட்டால் ஒரு புதிய இணைப்புக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இன்னொரு சிக்கல், முடிந்த பிறகும் தொடரும் வேலை. பதில் அனுப்பியாகிவிட்டது, ஆனால் பின்னால் மின்னஞ்சல் ஒன்று போக வேண்டும். இந்த மாதத்தில், இந்த ஊரில், இதற்கு முடவன் முழுக்கை உவமை சொல்லாமல் போக முடியாது. ஐப்பசி முழுதும் துலாக் கட்டத்தில் காவிரி முழுக்கு. மாதக் கடைசியில் கடைமுகம். அதோடு காலம் முடிந்தது. நடக்க முடியாத ஒருவர் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. அவருக்காக இறைவன் இன்னொரு நாள் கொடுத்தார், அதுதான் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் உங்கள் பாட்டிகள். பின்னணி வேலை என்பது கார்த்திகையில் வந்து சேர்கிறவர். அவர் வந்து பார்க்கும்போது கோரிக்கையின் தரவுத்தள இணைப்பு மூடப்பட்டிருக்கும், ஆப்ஜெக்ட் அகற்றப்பட்டிருக்கும். பிழைச் செய்தி வந்தால் நல்லது. பிழை வராமல், கிட்ஹப்பின் சிலேட்டைப் போல, அதே இடத்தில் அடுத்தவர் விவரம் இருந்தால்தான் ஆபத்து. தாமதமாக வருபவருக்குத் தனியாக ஒரு நாள் வெளிப்படையாகக் கொடுங்கள். கோரிக்கையின் ஆப்ஜெக்டை அவரிடம் தராதீர்கள். அவருக்குத் தேவையான மதிப்புகளை மட்டும், பயனர் எண், மின்னஞ்சல் முகவரி என்று நகலெடுத்துக் கொடுத்து, அவருக்கென்று புதிய இணைப்பும் புதிய ஸ்கோப்பும் திறக்கச் சொல்லுங்கள்.

2009இல் நோட்.ஜேஎஸ் வந்த பிறகு இன்னொரு புரட்டல் நடந்தது. ஒரே த்ரெட்டில் ஆயிரம் கோரிக்கைகள் மாறி மாறி ஓடின. ஒன்று தரவுத்தளப் பதிலுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்று அதே த்ரெட்டில் நுழையும். த்ரெட்டின் பெட்டியே கோரிக்கையின் பெட்டி என்ற பழைய நம்பிக்கை அங்கே செல்லாது. ஆகவே வேலையோடு கூடவே பயணம் செய்யும் பெட்டி தேவைப்பட்டது. பைத்தான் 2018இல் 3.7 பதிப்பில் கான்டெக்ஸ்ட்வார்ஸ் கொடுத்தது. நோட் 2020இல் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் கொடுத்தது. ஜாவாவும் த்ரெட்லோக்கலின் குறையை ஏற்று, ஒரு பகுதிக்குள் மட்டும் உயிர் வாழ்ந்து அதை விட்டு வெளியேறும்போது தானே மறையும் ஸ்கோப்டு வேல்யூஸை 2025இல் 25ஆம் பதிப்பில் நிலைப்படுத்தியது. மடையை அடைக்க மறக்க முடியாதபடி மடையையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

கோ மொழியைச் செய்தவர்கள் மட்டும் விடாப்பிடியாக வேறு வழியில் நின்றார்கள். அவர்களுடைய கோரூட்டினுக்கு நிரலர் பிடித்துக்கொள்ளும்படி ஓர் எண்ணே கிடையாது, வேண்டுமென்றே கொடுக்கவில்லை. 2016இல் 1.7 பதிப்பில் கான்டெக்ஸ்ட் என்பதை மொழியோடு வரும் நூலகத்தில் சேர்த்தார்கள். அதைச் செயல்முறைகளுக்கு முதல் உள்ளீடாகக் கையோடு கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதை எந்த ஆப்ஜெக்டுக்குள்ளும் சேமித்து வைக்காதே என்று அதன் ஆவணமே அறிவுறுத்துகிறது. எழுதுவதற்குச் சலிப்பாக இருக்கும். நான் அந்தச் சலிப்பின் பக்கம். கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவர், தைப்பவர், எழுதுபவர் எல்லாருக்கும் டோக்கன் எண் கை மாறிப் போகிறது. அதனால்தான் 40 மூட்டை யாருடையது என்று எந்த நேரத்திலும் கேட்டால் சொல்ல முடிகிறது. பதிவுகளில் எழுதும் தட எண், மொழித் தேர்வு போன்றவற்றை மறைவாகப் பயணம் செய்யும் பெட்டியில் விடலாம். யார் இந்தப் பயனர், இவருக்கு எதற்கு அனுமதி உண்டு என்பதை மட்டும் கையில் எடுத்துக் கொடுங்கள், செயல்முறையின் தலைவரியிலேயே தெரியட்டும். இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள நல்ல நிரலர்களை எனக்குத் தெரியும்.

நேரமாகிறது, தற்காலிகச் சேமிப்பு பற்றி ஒரு வரி மட்டும். 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் ஒருவருக்கென்று உருவான பக்கத்தைப் பொதுவான பக்கம் என்று கேஷ் சேமித்து மற்றவர்களுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ 34,000 பேர் விவரம் அதில் சிக்கியது. அதுவும் ஆயுள் பிழைதான்: ஒரு கோரிக்கையோடு மடிய வேண்டியது ஊர்ச் சொத்தாகிவிட்டது.

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நீங்கள் எழுதப் போகும் செயலிகள் விளையாட்டுத் தளங்களாக மட்டும் இருக்காது. இன்று பட்டா, சிட்டா இணையத்தில் வருகிறது. ஓய்வூதியம், பயிர்க் காப்பீடு, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் ஒரு சர்வரின் நினைவகத்தில் சில மில்லி விநாடிகள் தங்கிப் போகின்றன. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியவர்களுக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. எனக்கு அந்தத் தொகையைவிடத் தொலைபேசியில் கேட்ட அந்தக் கேள்விதான் பெரிது.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். நான் செய்த பிழையை அப்படியே கொண்ட சின்னச் செயலி ஒன்றை உங்கள் ஆய்வகக் கணினியில் போட்டு வைத்திருக்கிறேன். பெயரை வாங்கி, தரவுத்தளத்தைக் கேட்பது போல 50 மில்லி விநாடி காத்திருந்து, அதே பெயரைத் திருப்பிச் சொல்லும். ஒருவராக எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே பதில் வரும். இரண்டு பேர் சேர்ந்து உட்காருங்கள். பொன்னி என்ற பெயரில் ஒருவரும் குறுவை என்ற பெயரில் ஒருவரும் ஆளுக்கு ஆயிரம் கோரிக்கை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒவ்வொரு பதிலிலும் தன் பெயர்தான் இருக்கிறதா என்று நிரலே சரிபார்க்கட்டும். எத்தனை இடத்தில் பொன்னிக்குக் குறுவை வந்தது என்று எண்ணி, அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகு நிரலைத் திறந்து பாருங்கள். நாளை காலை 10 மணிக்கு ஆய்வகத்தில் இருப்பேன். எந்த வரி என்று கண்டுபிடித்தவர்கள் வந்து சொல்லுங்கள்.